வலது பக்கத் திருகு

6 ஜனவரி 2024, சனி

சீட் கவர் கம்பெனி கொடுக்கும் டைரி வருஷா வருஷம் என் கார் ஆக்சஸரி கடை மேஜையில் சும்மாதான் கிடக்கும். இந்த வருஷம் எழுத விஷயம் வந்துவிட்டது. என் வண்டி அகப்பட்டுவிட்டது.

ஆனைமலை ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு. கொப்பரைக் குடோனின் மூலையில், தார்ப்பாய் போர்த்தி, மேலே காலிச் சாக்குகள். சாக்கை இழுத்ததும் சிவப்பு மூக்கு தெரிந்தது. சான் ஸ்டார்ம். கோவாவில் கொஞ்ச காலம் செய்தார்கள். ரெண்டே சீட்டு, துணிக்கூரை, ஃபைபர் பாடி. அப்போது நான் அதில் போனால் கோவை காந்திபுரம் சிக்னலே திரும்பிப் பார்க்கும். 2004ல் ஒரு கோபத்தில் விற்றேன். தோப்புக்காரர் சென்னியப்பன் மகனுக்காக வாங்கினார். மகன் அமெரிக்கா போய்விட்டான், வண்டி கொப்பரைக்குக் காவல் இருந்திருக்கிறது.

"பாட்டு செட்டு அப்படியே இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அதை யாருங்க தொட்டா? பையன் ரெண்டு நாள் போட்டான். மாடு பால் கறக்க மாட்டேங்குதுன்னு என்ற வீட்டுக்காரி சாவியைப் புடுங்கி வெச்சுப்போட்டா."

அங்கேயே நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததில்தான்.

பிப்ரவரி 25 ஞாயிறு கொடிசியா மைதானத்தில் பழைய ஆட்கள் ஒரு சந்திப்பு வைக்கிறார்கள். பழைய கார்கள், கூடவே ஆடியோ போட்டி. 2005க்கு முந்தைய செட்டுகளுக்கு மட்டும். அதே வண்டி, அதே செட்டு, அதே ஆட்கள். நான் ஜெயிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் என்னைத் தோற்கடித்தது என் கை இல்லை, தாஸ் கை என்று அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும்.

7 ஜனவரி, ஞாயிறு

ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தாயிற்று. தெருவே வந்து பார்த்தது. கலாமணி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏனுங்க, ஊட்டுக்காரிக்கு ஒண்ணு, புருசனுக்கு ஒண்ணு, ரெண்டே சீட்டு. காய்கறிப் பையை எங்க வெக்கறது?"

"மடியில் வெச்சுக்க."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க."

தாஸ் யார் என்று எழுதிவிடுகிறேன். ஆரோக்கியதாஸ். போத்தனூர்க்காரன். வயரிங்கில் கெட்டிக்காரன். நானும் அவனும் சேர்ந்துதான் இந்த வண்டிக்கு செட்டு போட்டோம். சத்தப் போட்டி வேறு, அதில் மீட்டர் வைத்து டெசிபல் பார்ப்பார்கள். கண்ணாடி விரிசல் விட்டால் கைதட்டுவார்கள். அதிலும் நாங்கள் ஆறேழு வருஷம் ஆடினோம். பெங்களூர் ஃபைனல் ஒலித் தரப் போட்டி. நடுவர் டிரைவர் சீட்டில் கண்ணை மூடி உட்காருவார். வீணையோடு ஒரு அம்மாள் பாடுகிற சிடியைப் போடுவார். அந்தம்மா டேஷ்போர்டுக்கு நட்ட நடுவில், மேடையில் நிற்கிற மாதிரி நின்று பாட வேண்டும். ஒரு பக்கம் நகர்ந்தால் மார்க் போச்சு.

செப்டம்பர் 2004. பெங்களூர் கிளம்புமுன் வீட்டிலேயே நான் என் காதால் ட்யூன் பண்ணி, ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுகளின் மேல் கலாமணியின் மெரூன் நெயில் பாலிஷை வைத்தேன். அது எங்கள் வழக்கம். திருகிலிருந்து ஆம்ப் தகடு வரைக்கும் ஒரு கோடு. யாராவது தொட்டால் கோடு உடையும். பாலிஷ் வைத்துவிட்டால் அப்பன் வந்தாலும் தொடக்கூடாது. பெங்களூர் போய்ச் சேர்ந்த ராத்திரி காவலுக்கு வண்டிக்குள் படுத்தது தாஸ். காலையில் நல்லவன் மாதிரி வந்து, "வலது கொஞ்சம் தூக்கலா இருக்கா பாரு பூபதி" என்றான். செய்தவனுக்குத்தானே தெரியும்! நடுவர் தாளில் எழுதினார்: பாடகி வலது பக்கம் ஒதுங்கி நிற்கிறார், வலது ட்வீட்டர் ஸ்பீக்கர் காதைக் குத்துகிறது. மூன்று மார்க்கில் போயிற்று.

இருபது வண்டிக்காரர்கள் முன்னால் கேட்டேன், பெங்களூர் பார்ட்டியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். தப்பு செய்யாதவன் பேசுவானா மாட்டானா?

திருகைத் திறந்து பார்த்தாயா என்று அப்போது ஒருவன் கேட்டான். எதற்குப் பார்க்க வேண்டும்? என் காது பொய் சொல்லாது. அடுத்த வாரமே வண்டியை விற்றேன்.

9 ஜனவரி, செவ்வாய்

எலிக்கூடு மூன்று. ஏர் ஃபில்டருக்குள் கொப்பரைத் தூள். வண்டி முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம். கலாமணி சட்டையைத் தனியாக ஊற வைத்திருக்கிறாள்.

12 ஜனவரி, வெள்ளி

இன்று டிக்கியைத் திறந்தேன். அடித்தள பிளைவுட்டுக்கு ஆறு ஸ்க்ரூ, மேலே கார்பெட் ஒட்டியிருந்தது. நான் 2004ல் விற்கும்போது ஒட்டிய அதே கார்பெட். கத்தி வைத்துத்தான் கிழித்தேன்.

ரெண்டு ஆம்ப்களும் அப்படியே இருந்தன. இடது ஸ்பீக்கர்களுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. கழற்றுமுன் வயர் மறக்காமலிருக்க ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன்.

நெயில் பாலிஷ் இருந்தது. இடது திருகில் கோடு உடையவில்லை. வலது திருகிலும் உடையவில்லை.

டார்ச்சில் பேட்டரி வீக். வெளிச்சம் சரியில்லை. நாளை பார்க்கிறேன்.

13 ஜனவரி, சனி

பார்த்தேன். தாஸ் பழைய பாலிஷைச் சுரண்டிவிட்டு, திருகைத் திருப்பி, புதுசாகக் கோடு போட்டிருக்கிறான். என்ன ஒரு கிரிமினல் மூளை.

14 ஜனவரி, ஞாயிறு

போகிக்குச் சுத்தம் செய்யும்போது கலாமணியிடம் சும்மா கேட்டேன், பெங்களூருக்கு அன்று பாலிஷ் பாட்டிலைக் கொண்டுபோனேனா என்று.

"எங்க கொண்டுபோனீங்க? இங்கயே வெச்சுட்டுத்தானே போனீங்க. வளைகாப்புக்கு நான் அதைத்தானே போட்டிருந்தேன்."

கடையில் கிடைக்காத பாலிஷா? மெரூன் எல்லா ஊரிலும் மெரூன்தான்.

16 ஜனவரி, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாததால் வண்டிக்குச் சந்தனம், குங்குமம். மகள் யாழினி காலேஜிலிருந்து வந்திருக்கிறாள். டி.வி. ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் குறைக்கிறாள். நான் திரும்பவும் கூட்டுகிறேன். இதே வேலை.

வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் தண்ணீர் லாரிக்காரன் வந்து நின்றிருக்கிறான். அஞ்சு தடவை ஹாரன் அடித்தானாம், இறங்கி வந்து சண்டை. இந்தக் காலத்து ஹாரனில் சத்தமே இல்லை. கடைக்கு வா, நல்ல ஹாரனாக மாட்டிவிடுகிறேன் என்று அனுப்பினேன்.

21 ஜனவரி, ஞாயிறு

ஸ்டார்ட் ஆகிவிட்டது!

நாலாவது தடவை இருமிக்கொண்டு பிடித்தது. துணிக்கூரையை மடக்கிவிட்டு, கலாமணியை ஏற்றிக்கொண்டு சத்தி ரோட்டில் அன்னூர் வரைக்கும் போய் வந்தேன். தரையில் உட்கார்ந்து போகிற மாதிரி இருக்கும். பஸ் சக்கரம் நம் தலைக்கு நேராக வரும். கலாமணி முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். இவ்வளவு சந்தோஷத்தை ஏன் விற்றோம் என்று இருந்தது. தாஸ் மேல் இன்னும் ரெண்டு மடங்கு எரிச்சல் வந்தது.

அவளுக்கு இடது சீட் பிடிக்கும். எங்கே போனாலும் என் இடது பக்கம்தான் நடப்பாள். கல்யாணத்திலும் சினிமாவிலும் அப்படியேதான். ஏதோ ஒரு பழக்கம்.

27 ஜனவரி, சனி

ஆம்ப் ரெண்டும் சர்வீஸ் ஆகி வந்தன. காய்ந்த கெப்பாசிட்டர்கள் மாற்றியாயிற்று. பழைய பாலிஷைச் சுத்தமாகச் சுரண்டினேன். திருகுகளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். இனி இது என் வண்டி, என் கை, என் காது. தாஸின் விரல் ரேகைகூட இதில் கிடையாது.

கடைக்கு வருகிறவர்கள் மைக் வைத்து, கம்ப்யூட்டரில் கோடு பார்த்து ட்யூன் பண்ணச் சொல்கிறார்கள். மைக்கைக் கேட்டு ட்யூன் பண்ணுவது ஜாதகத்தைப் பார்த்துக் காதலிப்பது மாதிரி. என் காது இருபத்தெட்டு வருஷம் சோறு போட்ட காது.

2 பிப்ரவரி, வெள்ளி

மூன்று நாளாக சிடியில் அந்தம்மா பாடிக்கொண்டே இருக்கிறார். முதலில் இடது பக்கம் நின்றார். வலது திருகைக் கொஞ்சம் கூட்டினேன், நகர்ந்தார். இன்னும் கொஞ்சம். நூல் நூலாக. மத்தியானம் கலாமணி சாப்பிடக் கூப்பிட்டாளாம். ஜன்னல் கண்ணாடியைத் தட்டி முறைத்துவிட்டுப் போனாள்.

4 பிப்ரவரி, ஞாயிறு

வந்து நின்றுவிட்டார்! நட்ட நடுவில், கண்ணாடிக்குப் பின்னால், ஒரு முழ உயரத்தில். வீணை அவருக்கு முன்னால். கண்ணை மூடினால் கையை நீட்டித் தொடலாம் போல இருந்தது.

கலாமணியிடம் பாட்டில் வாங்கி பாலிஷ் வைத்தேன். அதே மெரூன். காயும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். இனி அப்பன் வந்தாலும் தொடக்கூடாது.

6 பிப்ரவரி, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

கலாமணி இந்த செட்டை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. "உக்காரு, உன்ற பாலிஷ் என்ன வேலை பண்ணியிருக்குன்னு பாரு" என்று பெருமையாக உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். சிடி போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுளித்தாள். வலது காதைக் கையால் பொத்தினாள்.

"நல்லா இல்லையா?"

"பாட்டு நல்லா இருக்குதுங்க. அந்தம்மா ஏன் வலது கதவுகிட்டப் போய் நின்னு பாடுது? காதுக்குள்ளயே கத்துற மாதிரி இருக்குது."

"நடுவுல நிக்கலையா?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நடுவுல ஆருமே இல்லீங்க" என்றாள்.

உனக்கு என்ன தெரியும், மிக்ஸி சத்தம் கேட்டுக் கேட்டு உன் காது போயிற்று என்று கத்திவிட்டேன். அவள் இறங்கி உள்ளே போனாள்.

7 பிப்ரவரி, புதன்

கடைக்குப் போனேன், வியாபாரம் பார்க்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஃபோனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். ஜனவரி 12ல் எடுத்தது, பழைய பாலிஷ் இருக்கிற படம். ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் வைத்த திருகையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

இடது திருகு: பழைய கோடு, கடிகாரத்தில் பதினொரு மணிக்கு முள் நிற்கிற இடத்தில். புதுக் கோடும் பதினொன்று.

வலது திருகு: பழையது ரெண்டு மணி. புதியது ரெண்டு மணிக்கு ஒரு நூல் மேலே.

தாஸ் இருபது வருஷத்துக்கு முன்னால் திருப்பி வைத்த இடத்துக்கே இப்போது நானும் எப்படி வந்து சேருவேன்? அவன் திருப்பவில்லை. அவன் தொடவே இல்லை. அதை வைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்து கலாமணியிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்குத் திருகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்னாள்.

"எனக்குத் தெரியுமுங்க. நம்ம யாழினி தொட்டில்ல அழுகறப்பவே தெரியும். நீங்க இடது காது தலகாணில படற மாதிரிப் படுத்தா, புள்ள வீறிட்டாலும் எந்திரிக்க மாட்டீங்க. வலது பக்கம் திரும்பிப் படுத்தா மொத ஆளா எந்திரிப்பீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனுங்க. நாலஞ்சு தடவை சொன்னேன். மிக்ஸி, மிக்ஸின்னீங்க. அப்புறம் நான் இடது பக்கமா வந்து பேசப் பழகிட்டேன்."

8 பிப்ரவரி, வியாழன்

கடை. சன் ஃபிலிம் ஒன்று, ஃப்ளோர் மேட் இரண்டு. மழை இல்லை.

10 பிப்ரவரி, சனி

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். வலதுக்கு மாற்றியதும் அந்தப் பொண்ணு மெஷினை ஆன் பண்ண மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் நினைத்தேன்.

டாக்டர் கிராஃபைக் காட்டினார். இடதுக்கு மேலே ஒரு கோடு. வலதுக்குக் கோடு பள்ளத்தில் இறங்கிப் போகிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். ஏர் ஹாரன் டெஸ்ட், சத்தப் போட்டி, கதவு ஸ்பீக்கரில் தலையைக் கொடுத்துக் கேட்டது எல்லாம்.

"இது நேத்து வந்ததில்லைங்க. இருபது, இருபத்தஞ்சு வருஷமா இறங்கியிருக்கும். மெஷின் வெச்சுக்கலாம். போனது போனதுதான்."

எனக்குக் காது போனது பெரிதாகத் தெரியவில்லை. பெங்களூரில் நான் கத்தியதுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

13 பிப்ரவரி, செவ்வாய்

போத்தனூர் வரைக்கும் போய், ரயில்வே கேட்டிலிருந்து திரும்பிவிட்டேன். வெயில் ஜாஸ்தி.

17 பிப்ரவரி, சனி

இன்று கலாமணியும் பைக்கில் ஏறிக்கொண்டாள். "ரயில்வே கேட்டுகிட்டத் திருப்புனீங்கன்னா நான் எறங்கி நடந்தே போயிருவேன்" என்றாள்.

தாஸின் கடை சர்ச் போகிற ரோட்டில். மைக் செட் சர்வீஸ். வாசலெல்லாம் குழாய் ஸ்பீக்கர்கள். தலை முழுக்க நரைத்துவிட்டது. சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். கலாமணியைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வாம்மா. டீ சொல்லட்டுமா?"

எனக்கு 'வா' இல்லை. எதிர்பார்த்ததுதான்.

ஃபோனில் ரெண்டு படத்தையும் அவன் முன்னால் வைத்தேன். டாக்டர் தாளையும் வைத்தேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களைப் பார்த்தான். தாளைத் தொடவே இல்லை.

"வலது காதா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரி வண்டில படுத்திருந்தேன்ல. தூக்கம் வரலை. சன்னமா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தம்மா கதவுல ஒட்டிக்கிட்டு நிக்குது. ஸ்க்ரூட்ரைவரைக் கையில எடுத்துட்டேன் பூபதி. அரை மணி நேரம் கையிலயே வெச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"திருப்பியிருக்கலாமேடா."

"பாலிஷ் வெச்சிருந்தயே."

எனக்கு ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

"காலைல சொன்னேன். வலது தூக்கலா இருக்கா பாருன்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஜனவரி 7ல் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். "உன் காதைக் கழுவிட்டு வா" என்றேன்.

"அப்புறம் அத்தனை பேர் முன்னாடி கத்தினேனே, அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமல்ல?"

"என்னன்னு தொறக்கறது? உனக்குக் காது கேக்கலைடான்னா? ஆடியோ கடை வெச்சிருக்கறவனைப் பார்த்து அதை நான் சொன்னா, அடுத்த நாள் எவன் உன்கிட்ட வண்டி விடுவான்? இந்தப் புள்ள அப்ப ஏழு மாசம் முழுகாம இருந்துச்சு."

கலாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தாஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னேனா இல்லையா, தெரியவில்லை. அழுதேன். டீக்கடைக்காரர் மூன்று டீயையும் ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

"கோபம் போகலை," என்றான் தாஸ். "சும்மா சொல்லக் கூடாது. இருபது வருஷமா நாலு பேர் என்னைக் காசு வாங்கித் தின்னவன்னு சொல்லியிருக்காங்க. இனிமே கார் வேலையே வேண்டாம்னுதான் இந்தக் குழாயைக் கட்டிட்டு அழறேன்."

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு வருவாயா என்று கேட்டேன். சர்ச் இருக்கிறது என்றான்.

18 பிப்ரவரி, ஞாயிறு

பாலிஷைச் சுரண்டிவிட்டேன். திருகுகள் பூஜ்யத்தில். நான் தொடப் போவதில்லை.

24 பிப்ரவரி, சனி

ஃபோன் வரவில்லை. வண்டியைக் கழுவினேன். தேங்காயெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

எட்டு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. ஜாவா பைக்குகள், ரெண்டு கான்டெஸ்ஸா, ராலி ரேஸ் ஓடிய பழைய ஜிப்ஸி ஜீப். எங்கள் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் தொப்பை. என் வண்டியைக் கண்டதும் ஓடி வந்தார்கள். "பூபதி அண்ணா, இந்தத் தடவை ராத்திரிக் காவலுக்கு ஆரை வெச்சீங்க?" என்று ஒருவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவிலிருந்து தாஸ் இறங்கினான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் அதே டூல் பாக்ஸ்.

"முதல் பூசைக்கே போயிட்டு வந்துட்டேன்," என்றான். நேராக டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தான். டிக்கி பக்கம் நான் நின்றேன். அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பினேன். இடது கொஞ்சம். வலது குறை. இன்னும் குறை. போதும். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் இறங்கிக்கொண்டு, "உக்காந்து கேளு" என்றான்.

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். அந்தம்மா இடது கண்ணாடியோரம் எங்கோ தள்ளி நின்று பாடினார். வீணை இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்குத் துப்புரவாகத் தப்பாகக் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்றான் தாஸ்.

"எனக்குத் தெரியலை தாஸ். நீ சொல்லு."

"நடுவுல நிக்கிறாங்க."

கலாமணி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். தாஸிடம் நீட்டினேன். "நீயே வை, உன் வண்டி" என்றான். எனக்குத் தப்பாகக் கேட்கிற அந்த இடத்தில் நானே கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல்.

ரெண்டாம் பரிசு. நடுவர் தாளில் எழுதியிருந்தது: பாடகி சரியான நடுவில், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேஸ் என்கிற அடிச் சத்தத்தில்தான் மார்க் போயிற்று. எலி கடித்த சப்வூஃபருக்கு யார் என்ன செய்ய முடியும்?

கப் வாங்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கேட்டு வாங்கினேன். கும்பலில் பேசியதை ரூமுக்குள் வைத்துத் திருப்பி வாங்க முடியாது.

"2004 பெங்களூர்ல இருந்தவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க. அன்னிக்குத் திருகைத் தொட்டது தாஸ் இல்லீங்க. எனக்கு வலது காது கேக்காது. அப்பவே கேக்காது. தப்பா ட்யூன் பண்ணினது நான். அவன் தெரிஞ்சும் சொல்லலை, என்ற பொழப்பு போயிரும்னு. இன்னிக்கு இதை ட்யூன் பண்ணினவன் அவன்தான். கப்பு அவனுக்கு."

யாரும் கைதட்டவில்லை. அல்லது தட்டியிருப்பார்கள், கூட்டம் என் வலது பக்கம் இருந்தது. காலையில் கேலி பேசியவன் மட்டும் தாஸிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன்.

கீழே இறங்கியதும் தாஸ், "கூறு கெட்டவனே, நாளைக்கு எவன் உன் கடைக்கு வருவான்?" என்றான்.

"நீ வா. ட்யூனிங் நீ பாரு, நான் சீட் கவர் தெச்சுக்கறேன்."

"பார்க்கலாம்" என்றான். கப்பை வாங்கி டூல் பாக்ஸுக்குள் வைத்து மூடினான்.

மூன்று பேரும் வண்டியை நோக்கி நடந்தோம். என் வலது பக்கம் வந்துகொண்டிருந்த தாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நிறுத்தினான், பின்னால் சுற்றி இடது பக்கம் வந்து பேச ஆரம்பித்தான். கலாமணிக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. சிரித்துக்கொண்டே அவள் பின்னால் வந்தாள்.